கொட்டகைக்குள் பெய்த மழை

மேலப்பரப்பு ஊரில் யோவேல் தன் வீட்டுக்குப் பின்னால் கட்டிய தகரக் கொட்டகைக்குள் மழை பெய்யத் தொடங்கியபோது வானத்தில் மேகம் என்று சொல்ல ஒரு கீற்றுகூடக் கிடையாது. கணவாய்க் காற்று காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுப் புழுதியை வாரிக்கொண்டு போனது, கொட்டகையின் மேல்தகரம் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்கிற சூட்டில் கிடந்தது, அந்தத் தகரத்துக்குக் கீழே மட்டும், ஐப்பசியில் பெய்கிற மாதிரி, அவசரமும் இல்லாமல் விடுகிற எண்ணமும் இல்லாமல் மழை பெய்தது.

அந்தக் கொட்டகையை அவன் கட்டியது மனைவி சுகிர்தத்துக்காக. யோவேல் குவைத்தில் ஓர் ஓட்டலில் கரியடுப்பு முன்னால் நின்று கோழியும் மீனும் சுட்டே தலை நரைத்தவன். அவன் அங்கே இருந்தபோதுதான் இங்கே அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது நாக்கின் ருசியையும் கூட்டிக்கொண்டு போனது. சோறு மண்ணாக இருந்தது, குழம்பு மண்ணைக் கரைத்த தண்ணீராக இருந்தது, வாயில் போட்ட சீனிகூட ஆற்றுமணலாக நறநறத்தது. திருநெல்வேலி டாக்டரும் நாகர்கோவில் டாக்டரும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நாக்கில் ஒன்றும் இல்லை என்றார்கள். "அதத்தான் நானும் சொல்லுதேன், ஒண்ணுமே இல்ல" என்றாள் சுகிர்தம்.

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்த யோவேல், வேறு என்ன செய்வதென்று தெரியாமல், தனக்குச் செய்யத் தெரிந்ததைச் செய்தான். பழைய எண்ணெய் டிரம் ஒன்றை நீளவாக்கில் அறுத்து, நாலு கால் வைத்து, மேலே கம்பி வலை பதித்து, புறவாசலில் போட்டுத் தேங்காய்ச் சிரட்டைக் கரியைக் கொளுத்தினான். கடற்கரையிலிருந்து பைக்கில் வந்த அயிலை மீனைக் கீறி, மிளகும் உப்பும் தடவி, வலையில் கிடத்தினான். புகை வீட்டுக்குள் போனது. கட்டிலில் சுருண்டு கிடந்த சுகிர்தம் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, சூடு ஆறுவதற்குள் முழு மீனையும் முள்ளோடு பிய்த்துத் தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு அவனும் அழுதான்.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு என்றால் அந்த அடுப்புதான். கேஸ் அடுப்பில் சுட்டால் மண். அடுத்த வீட்டுக்காரி அதே கரியில் அதே மீனைச் சுட்டுக் கொடுத்தாலும் மண். யோவேல் கையால், யோவேல் போட்ட கங்கில் சுட்ட மீன், கத்தரிக்காய், மரச்சீனிக்கிழங்கு, இவ்வளவுதான் அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ருசி. மாசியிலும் பங்குனியிலும் காற்று அடங்கிக் கிடந்ததால் அடுப்பு மூட்டப் பாடு இல்லை. அவள் கன்னம் மேடேறியது, வளையல் கையில் நின்றது. ஆனால் வைகாசி பிறந்துவிட்டால் கணவாய்க் காற்று இறங்கிவிடும், காற்றோடு சாரல் வரும், சாரல் முடிந்தால் ஐப்பசி மழை வரும். வருஷம் முழுக்க அடுப்பு எரிய வேண்டுமென்றால் அதன் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்று யோவேல் கணக்குப் போட்டான். ஓலை வேண்டாம், பொறி பறந்தால் பிடித்துக்கொள்ளும். இரும்புக் குழாயில் தூண் நட்டு, சூடு தங்காத உயரத்தில் தகரம் போட்டு, தண்ணீர் வடியக் கிழக்கே சரிவு விட்டு, காற்று வருகிற மேற்குப் பக்கம் செங்கல் சுவர் எழுப்பி, புகை போக மேலே சந்து வைத்தான். கட்டி முடிப்பதற்குள் காற்று இறங்கிவிட்டது; வெளியில் தீ நிற்காமல் அவள் பட்டினி கிடந்தாள். கட்டி முடித்ததும் டிரம்மை உள்ளே நகர்த்தி, கரியைப் பற்றவைத்தான். கங்கு சிவந்தது. அப்போதுதான் மழை பிடித்தது.

முதலில் அவன் தகரத்தில் ஓட்டை தேடினான். ஏணி வைத்து ஏறினால் மேலே காக்கை எச்சம் காய்ந்து கிடந்தது. இறங்கி வந்து அடுப்பைச் சமையலறைக்குள் கொண்டுபோய்ப் பற்றவைத்தான். சமையலறையில் மழை பெய்தது, மிளகாய்ப்பொடி டப்பா நனைந்தது. அவசரமாகத் தூக்கி வெளியே போட்டான். வீட்டுக்குள் மழை நின்றது. கொட்டகைக்குள் மட்டும், அடுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிற்கவே இல்லை.

"எல்லாம் சரியாத்தான கட்டினேன்?" என்று யோவேல் மனைவியிடம் கேட்டான்.

"கட்டினதுல குத்தம் இல்லங்க. நல்ல கொட்டகை" என்றாள் சுகிர்தம், வாசலில் நின்று மழையைப் பார்த்தபடி.

அந்த வருஷம் சாரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது, முன்னெப்போதும் இல்லாத வேகத்தில், ஈரமே இல்லாமல். குளம் வெடித்தது, கிணற்றில் வாளி தரையைத் தட்டியது, தெருக்குழாய் காற்றை ஊதியது. பக்கத்து வீட்டு மாடக்கண்ணுவின் ஆடுகள்தான் முதலில் கண்டுபிடித்தன. அவை வேலியை முட்டித் திறந்துகொண்டு வந்து கொட்டகையின் கிழக்கு ஓரத்தில் ஓடிய நீரில் வாய் வைத்தன. ஆட்டைத் தேடி வந்த மாடக்கண்ணு மழையைப் பார்த்தான், கையை நீட்டி ஏந்தினான், குடித்தான். "அண்ணே, நல்ல தண்ணி. ஒரு குடம் பிடிச்சுக்கிடட்டுமா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். அது ஏன் பெய்கிறது என்று அவனும் கேட்கவில்லை, பிறகு வந்த யாரும் கேட்கவில்லை. குடத்தைக் கையில் வைத்திருக்கிறவர்களுக்கு அந்தக் கேள்விக்கு நேரம் கிடையாது.

மறுநாள் தெரு வந்தது. அடுத்த வாரம் ஊரே வந்தது. பச்சையும் மஞ்சளும் நீலமுமாக பிளாஸ்டிக் குடங்கள் யோவேல் வீட்டுப் பின்வாசலிலிருந்து கோயில் வரைக்கும் வரிசை கட்டி நின்றன. பஞ்சாயத்துத் தலைவி செண்பகவல்லி வந்து பார்த்துவிட்டு, சண்டை வரக்கூடாது என்று தெருவாரியாக முறை வைத்தாள், தரைக்கு சிமென்டு பூசி வாய்க்கால் எடுத்தாள், கொட்டகைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிப் போட வேண்டும் என்று எழுதி வைத்தாள். வெயிலில் நடந்து வந்தவர்கள் கொட்டகை வாசலில் குடையை விரித்து உள்ளே போனார்கள், தண்ணீர் பிடித்துக்கொண்டு வெளியே வந்ததும் குடையை மடக்கினார்கள். அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. எங்கெங்கோ செத்துக் கிடந்ததாக நினைத்த தவளைகள் புழுதிச் சாலையைத் தாண்டி வந்து செங்கல் சுவரடியில் குடியேறிக் கத்தின. பாதிரியார் வந்து ஜெபம் பண்ணினார், பூசாரி வந்து சூடம் காட்டினார், சூடம் நனைந்து அணைந்ததும் கையால் கும்பிட்டுவிட்டுப் போனார். கல்யாணமான புது ஜோடி மழையில் நின்று படம் எடுத்துக்கொண்டது. தண்ணீர் வாரியத்திலிருந்து வந்த ஒருவர் சீசாவில் பிடித்துக்கொண்டு போய், குடிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். அதற்குள் எல்லோரும் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். உள்ளே, மழைக்கு நடுவில், யோவேலின் டிரம் அடுப்பு துருவேறிக் கிடந்தது. அதன்மேல் பெண்கள் குடத்தை வைத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள்.

யோவேலுக்கு அது வருத்தமில்லை. தண்ணீர் கொடுப்பது யாருக்கு வருத்தம்? வேறொரு டிரம்மை அறுத்து அவன் புதிதாக ஓர் அடுப்பு செய்துகொண்டான். ஆனால் அதை எங்கே வைப்பது? கூரைக்குக் கீழே வைத்தால் மழை. கூரை இல்லாமல் நாலு பக்கமும் சுவர் வைத்துப் பார்த்தான். காற்று மேலே ஏறி உள்ளே குதித்துக் கங்கை அள்ளிக்கொண்டு போனது. கடைசியில் வறண்ட குளத்துக்குள் இறக்கி, கரை மறைவில் பற்றவைத்தான். இரண்டு கத்தரிக்காய் வேகிற நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு சுழல் வந்தது, பொறியெல்லாம் எழுந்து கரையைத் தாண்டியது, மாடக்கண்ணுவின் ஆட்டுக்கொட்டில் சடசடவென்று பற்றிக்கொண்டது. ஊரே ஓடி வந்து யோவேல் வீட்டுக் கொட்டகையிலிருந்து கைமாற்றிக் கைமாற்றிக் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோய் அணைத்தது. ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்ததால் பிழைத்தன. கொட்டில் சாம்பலானது.

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் எதையாவது சொல்லியிருப்பான். மாடக்கண்ணு கரிந்த கம்புகளைப் புரட்டிக்கொண்டே, "போகுதுண்ணே, ஓலைதான" என்றான். செண்பகவல்லிதான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நின்றபடியே, தரையைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணே, ஊரு காஞ்ச சருகாட்டம் கெடக்கு. ஒரு மழை பெய்யட்டும். அதுவரைக்கும் வெளியில தீ வேண்டாம். அக்கா, நீங்க மன்னிக்கணும்."

"நீ சொல்லுதது சரிதான் தாயி" என்றாள் சுகிர்தம்.

அதற்குப் பிறகு அவள் இன்னும் வேகமாக மெலிந்தாள். ஊர் அவளை மெலிய விடக்கூடாது என்றுதான் பாடுபட்டது. தண்ணீர் பிடிக்க வந்த ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஒரு கிண்ணம் கொண்டு வந்தாள்: பிரியாணி, உளுந்தங்களி, கருப்பட்டிக் காபி, பால்கொழுக்கட்டை. சுகிர்தம் எல்லாவற்றையும் வாங்கி, அவர்கள் எதிரிலேயே ஒரு வாய் தின்று, "நல்லா இருக்கு மக்கா" என்றாள். அவர்கள் போனதும் புறவாசலுக்குப் போய்த் துப்பினாள். யோவேல் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பான். அவனுடைய கைகள், கரியடுப்பில் ஒரே நேரத்தில் நாற்பது கம்பியைப் புரட்டிய கைகள், அந்த முதுகைத் தடவுவதைத் தவிர ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தன. அவள் மெலிய மெலிய மழை வலுத்தது. முன்பு ஒரு குடம் நிறைகிற நேரத்தில் இப்போது மூன்று குடம் நிறைந்தது. ஊர் சந்தோஷப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் வளையல் அவள் கையிலிருந்து தானாகக் கழன்று கீழே விழுந்து உருண்டது. யோவேல் அதை எடுக்கக் குனிந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மறுநாள் காலையில் அடுப்பை ஒரு வேனில் ஏற்றி, அவளைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கு, அவள் தம்பி தங்கதுரை வீட்டுக்குப் போனான். அங்கே பின்பக்கம் மாமரங்களுக்கு நடுவில் காற்று இல்லை. யோவேல் கரி போட்டான், விளமீன் சுட்டான், அவள் தின்றாள். "இன்னொண்ணு வைங்க" என்றாள். தங்கதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இங்கயே இருந்திருங்க அத்தான்" என்றான்.

அவள் முதல் மீனைத் தின்ற அதே மத்தியானம் மேலப்பரப்பில் மழை நின்றது. யோவேல் ஊரை விட்டுப் போனதால்தான் நின்றது என்று ஊர் நினைத்தது. வரிசையில் நின்ற பெண்கள் கொஞ்ச நேரம் தகரத்தைப் பார்த்தார்கள், சாயங்காலம்வரை காத்திருந்தார்கள், அடுத்த சில நாட்கள் இருந்ததைப் பங்கு வைத்துக் குடித்தார்கள், பிறகு ஒரு லாரி பிடித்து நாகர்கோவிலுக்கு வந்தார்கள். சத்தம் போடவில்லை. தங்கதுரை வீட்டு வாசலில், மடியில் பிள்ளைகளும் பக்கத்தில் காலிக் குடங்களுமாக உட்கார்ந்தார்கள். செண்பகவல்லி உள்ளே வந்தாள்.

"அண்ணே, வாங்கன்னு கூப்பிட எனக்கு வாய் வரல. ஆனா பிள்ளைங்களுக்குக் குடுக்கத் தண்ணி இல்ல."

யோவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். போகமாட்டேன் என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். அதற்குள் சுகிர்தம் எழுந்து சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள்.

"சுகிர்தம், உனக்குப் பைத்தியமாட்டி?"

"வெளிய ஒரு பிள்ள அழுவுது, சத்தமே வரல, பாத்தியளா? நாக்கு வறண்டா அப்படித்தான். எனக்குத் தெரியும்." அவள் லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

ஊருக்குத் திரும்பிய அன்று மழை வரவில்லை. மறுநாள், அவள் எதையும் விழுங்க முடியாமல் படுத்த பிறகு, தூறல் விழுந்தது. நாளாக ஆகப் பழைய வேகம் பிடித்தது. ஊர் யோவேலைப் பார்த்துக் கும்பிட்டது. அவன் கும்பிடு வாங்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். சுகிர்தத்தின் கண்கள் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயின. இப்போது அவள் யாருடைய கிண்ணத்தையும் வாங்கித் தின்கிற மாதிரி நடிக்கக்கூட முடியாமல் கிடந்தாள்.

ஒரு சாயங்காலம் மாடக்கண்ணு ஒரு சாக்குச் சிரட்டைக் கரியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். பின்னால் அவன் மனைவி, அவளுக்குப் பின்னால் தெருக்காரர்கள், வரிசையில் நின்றவர்கள், செண்பகவல்லி.

"அண்ணே, அடுப்பை எடுங்க" என்றான்.

"தீ வேண்டாம்னு ஊரே சொல்லியிருக்கு."

"என் கொட்டில்தான எரிஞ்சது, நான் சொல்லுதேன். எடுங்க. காத்தை நாங்க பாத்துக்கிடுதோம்."

கொட்டகைக்கு வெளியே, முற்றத்தின் நடுவில் யோவேல் அடுப்பை வைத்தான். முதலில் குடை பிடித்துப் பார்த்தார்கள். குடைக்கு உள்ளேயிருந்து மழை பெய்து கரி நனைந்தது. குடையை வீசிவிட்டு வேறு கரி போட்டார்கள். பிறகு ஆணும் பெண்ணுமாக அடுப்பைச் சுற்றி நெருக்கி நின்றார்கள், ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டார்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னொரு வளையம், அதற்கும் பின்னால் இன்னொன்று; எல்லோரும் முன்னால் குனிந்தார்கள், தலையோடு தலை முட்டியது, காற்று அவர்கள் முதுகில் மோதிச் சீறிக்கொண்டு மேலே ஏறிப் போனது. அந்தத் தலைகளுக்குக் கீழே காற்றும் இல்லை, மழையும் இல்லை. கங்கு பிடித்தது. புகை அவர்கள் முகத்திலேயே மோதிக் கழுத்துக்கு நடுவே வழி தேடிப் போனது. இருமினார்கள், கண்ணீர் விட்டார்கள், ஒருவரும் நிமிரவில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவில் யோவேல் மண்டியிட்டு மீனைப் புரட்டினான். சுகிர்தம் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவன் மீனைப் பிய்த்து ஊதி அவள் வாயில் வைத்தான். அவள் மென்றாள், விழுங்கினாள், கண்ணை மூடினாள். இரண்டாவது வாய். மூன்றாவது வாய்.

அப்போது அவர்களுக்குப் பின்னால், கொட்டகைக்குள், மழைச் சத்தம் குறைந்தது. அவள் அடுத்த துண்டை வாங்கினாள், இன்னும் குறைந்தது. மீன் பாதி தீர்ந்தபோது சொட்டுச் சொட்டாக விழுந்தது. பிறகு அதுவும் இல்லை. தவளைகள் நிறுத்தின.

குனிந்திருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. அத்தனை பேருக்கும் அந்த நிமிஷத்தில் விளங்கியது, எதைக் குடித்துக்கொண்டு இருந்தோம் என்று. யோவேலுக்கும் விளங்கியது. மீன் வைத்திருந்த அவன் கை நின்றுவிட்டது. சுகிர்தமும் வாயை மூடிக்கொண்டாள்.

"தின்னுங்க மைனி" என்றான் மாடக்கண்ணு, குனிந்த தலையை நிமிர்த்தாமல். அவன் குரல் புகையில் கம்மியிருந்தது. யாரும் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் அந்த மீனைத் தின்று முடிக்கும்வரை ஊர் அப்படியே நின்றது.

அன்று ராத்திரி எந்த வீட்டில் என்ன பேசினார்கள் என்று யோவேலுக்குத் தெரியாது. காலையில் மாடக்கண்ணு ஒரு லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். ஊர்க்காரர்களே அடுப்பைத் தூக்கி ஏற்றினார்கள், கட்டிலை ஏற்றினார்கள், துணி மூட்டையை ஏற்றினார்கள்.

"நான் போகமாட்டேன். இங்கயே கெடக்கேன்" என்றாள் சுகிர்தம்.

செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கெடந்தா நாங்க எப்படிக்கா அந்தத் தண்ணியைக் குடிக்கது? இனிமே இறங்காதுக்கா. போயிருங்க."

"பிள்ளைங்களுக்கு?"

செண்பகவல்லி அவள் கையை விட்டுவிட்டு, வண்டியில் ஏற்றிய கட்டிலின் கயிற்றை இறுக்கினாள். யோவேல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்; இருங்கள் என்று யாராவது சொன்னால் கோபப்படலாம், போங்கள் என்று மனதாரச் சொன்னால் நிம்மதியாகப் போகலாம். அவர்கள் வெறுமனே நின்றார்கள். அவன் மனைவியைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினான்.

நாகர்கோவிலில் சுகிர்தம் தேறினாள். யோவேல் தங்கதுரை வீட்டு மாமரத்தடியில், அதே அளவில், அதே சரிவில், தகரக் கொட்டகை ஒன்று கட்டினான். அதற்குக் கீழே அடுப்பு நன்றாக எரிந்தது. கங்கு நின்று நிதானமாகப் பிடித்தது, புகை சந்து வழியாக ஒழுங்காக மேலே போனது, வெளியே மழை கொட்டியபோதும் உள்ளே ஒரு பொட்டு நனையவில்லை. சில நாள் அவள் வேண்டுமென்றே சாப்பிடாமல் படுத்துப் பார்த்தாள். யோவேல் தகரத்துக்குக் கீழே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றான். ஒன்றும் விழவில்லை. பிறகு இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கார்த்திகையில் மாடக்கண்ணு வந்தான். கையில் ஒரு காலிக் கேன் இருந்தது.

"அங்கன மழை உண்டா?" என்று யோவேல் கேட்டான்.

"மேகம் வருதுண்ணே. கணவாயைத் தாண்ட மாட்டேங்குது. ஆடெல்லாம் வித்துட்டேன். செண்பகவல்லிக்கா குடும்பத்தோட திருப்பூர் போயிட்டாங்க, அந்தத் தெருவே போயிட்டு." சொல்லிக்கொண்டே அவன் கொட்டகைக்குள் வந்து நின்றான். மேலே தகரத்தைப் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கையை லேசாக நீட்டி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மடக்கிக்கொண்டான்.

சுகிர்தம் தட்டில் மீன் வைத்துக் கொடுத்தாள். அவன் உட்கார்ந்து, முள்ளை ஒதுக்கி, நிதானமாகத் தின்றான். "நல்லா இருக்கு மைனி" என்றான். அவள் இன்னொரு துண்டு வைத்தாள். அதையும் தின்றான்.

பஸ்ஸுக்கு நேரமானதும் கேனை எடுத்துக்கொண்டு, "இந்தப் பைப்புல பிடிச்சுக்கிடட்டுமாண்ணே?" என்று கேட்டான். யோவேல் போய்த் திறந்துவிட்டான். தண்ணீர் மெலிசாகத்தான் வந்தது. கேன் நிறைகிறவரைக்கும் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.